கூடுதல் வரி கேட்ட மேயருக்கு

அன்புள்ள அன்டானாஸ் மோக்குஸ் அவர்களுக்கு,

உங்கள் பெயரை எடுத்தாலே அந்தக் கால்சட்டைக் கதைதான் முதலில் வருகிறது. 1993. கொலம்பியா தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவர் நீங்கள். அரங்கம் நிறைய மாணவர்கள், பேசவே விடவில்லை. திரும்பி நின்று கால்சட்டையை இறக்கிக் காட்டினீர்கள். பதவி போயிற்று, அடுத்த ஆண்டே தலைநகர் பொகோட்டாவின் மக்கள் உங்களை மேயராக்கினார்கள்.

அடுத்து வருவது மௌன நடிகர்கள். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, முதலில் 20 பேரைச் சாலையில் இறக்கினீர்கள். பிறகு இன்னும் 400 பேர். ஜீப்ரா கோட்டில் ஏறி நிற்கும் காரை ஒருவர் மூச்சு முட்டத் தள்ளுவதுபோல் நடிப்பார். கண்ட இடத்தில் சாலையைக் கடப்பவரின் பின்னாலேயே போய் அவர் நடையை அப்படியே நடந்து காட்டுவார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம், அந்தச் சிரிப்பை என்ன செய்வது?

இதையெல்லாம் கோமாளித்தனம் என்றவர்கள் உண்டு. சட்டம், மனசாட்சி, ஊர் வழக்கம் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன என்று எழுதிய கணிதக்காரர் நீங்கள் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. மதுக்கடைகளை இரவு 1 மணிக்கே மூடவைத்ததும் நீங்கள்தான். அதில் வேடிக்கை எதுவும் இல்லை. 1993இல் லட்சம் பேருக்கு 80 என்றிருந்த கொலைகள் 2003இல் 22 ஆயின. முழுப் பெருமையும் உங்களுக்கே என்று சொல்லமாட்டேன். நடுவில் என்ரிக்கே பெனலோசா மேயராக ஆண்டதும் உண்டு, காவல்துறை மாறியதும் உண்டு.

ஒரு மனத்தாங்கல். 1997இல் அதிபர் பதவிக்கு ஆசைப்பட்டு மேயர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனீர்கள். நம்பி ஓட்டுப் போட்டவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! மன்னிப்புக் கேட்டுத்தான் திரும்பி வந்தீர்கள், ஜெயித்தீர்கள். வந்த சூட்டோடு, 2002இல், முடிந்தவர்கள் 10 சதவீதம் கூடுதலாக வரி கட்டுங்கள் என்றீர்கள். கட்டாயம் இல்லை, கட்டாவிட்டால் கேள்வியும் இல்லை. 63,000 குடும்பங்கள் கட்டின.

மௌன நடிகர்களைக் காப்பியடிக்கும் நகரங்கள் பல. இந்தக் கூடுதல் வரியைக் கேட்டுப்பார்க்கத்தான் பலருக்கும் துணிச்சல் வரவில்லை. அறிவிப்பதற்கு முன் உங்கள் மனக்கணக்கில் எத்தனை பேர் இருந்தார்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்