ஆடுபவரின் கால்களைக் காணோம்: டிவிடி தொகுப்பு பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வைட்டஃபோன் குறும்படத் தொகுப்பில் உள்ள குறைகள்

மதிப்பிற்குரிய ஐயா,

1920களின் கடைசியில் அமெரிக்காவில் வைட்டஃபோன் என்ற ஆரம்பகாலப் பேசும்பட முறையில் வந்த பாட்டு, நகைச்சுவைக் குறும்படங்களின் தொகுப்பைச் சென்ற மாதம் உங்களிடம் வாங்கினேன். பல வருடங்களாகத் தேடிய படங்கள். நான்கு டிவிடிகளையும் பார்த்து முடித்தபோது மனசு விட்டுப்போயிற்று.

இவை அகலமும் உயரமும் 4:3 என்ற அளவில் எடுத்த படங்கள். இன்றைய அகலமான டிவி திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிவிட்டீர்கள். உயரத்தில் கால் பங்கு போய்விட்டது. அந்தக் காலத்துக் கேமரா சத்தம் போடும் என்பதால் அதை ஒலி புகாத அறைக்குள் அடைத்துத்தான் படம் பிடித்தார்கள். அது நகராது. மேடையில் ஆடிப் பழகியவர்கள் அதன் எதிரே தலை முதல் பாதம் வரை தெரியும்படி ஆடினார்கள். காலணியால் தரையைத் தட்டித் தாளம் போடும் டேப் (tap) நடனத்தில் காலில்தானே ஆட்டமே இருக்கிறது? உங்கள் டிவிடியில் தாளம் கேட்கிறது, காலைக் காணோம்.

ஒலி இதைவிட மோசம். வைட்டஃபோனில் ஒலி ஃபிலிமில் இருக்காது. தனியே 16 அங்குல இசைத்தட்டில் இருக்கும். ஒரு சுருளுக்கு ஒரு தட்டு. தொடக்கத்திலேயே பிசகினால் கடைசிவரை பிசகுதான். 1929இல் வந்த 'லாம்ப்சாப்ஸ்' படத்தில் நகைச்சுவை ஜோடியான ஜார்ஜ் பர்ன்ஸ் கேட்க, கிரேசி ஆலன் சட்டென்று பதில் சொல்வார். அந்த வேகத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. உங்கள் பிரதியில் கிரேசி வாயை மூடிய பிறகு அவர் குரல் வருகிறது.

படச்சுருள் ஓரிடத்திலும் தட்டு வேறிடத்திலும் கிடந்த படங்கள் இவற்றில் ஏராளம். 1991இல் தொடங்கிய வைட்டஃபோன் புராஜெக்ட் ஆர்வலர்கள் தட்டுகளைத் தேடிச் சேர்த்ததால்தான் பல படங்களுக்குக் குரல் திரும்பக் கிடைத்தது. அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

போனில் கேட்டபோது, "பழைய படம் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் உங்கள் ஊழியர். கீறலும் இரைச்சலும் பழமையால் வந்தவை. சரி, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெட்டியதும் தப்பாகப் பொருத்தியதும் இப்போது நடந்தவை.

வெட்டாத முழுப் படமும் சரியான ஒலியும் உள்ள பிரதியை 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அப்புறம், மீதமிருக்கும் பிரதிகளைத் திருத்தாமல் வேறு யாருக்கும் விற்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ரசீது நகலும் குறைகள் தெரியும் இடங்களின் நேரக் குறிப்பும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை