கேட் (CAD) வகுப்பில் ஸ்லைசரும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 3டி பிரிண்டிங் பட்டறை நடத்துகிறேன். புராஜெக்ட் சமயத்தில் பொறியியல் மாணவர்கள், கேட் எனும் கணினி வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த மாடல்களைப் பென் டிரைவில் கொண்டு வருகிறார்கள். திரையில் அழகாக இருக்கும் மாடல், அதை அச்சிடுவதற்கான அடுக்குகளாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருளில் போட்டதும் உடைந்துவிடுகிறது.

ஸ்லைசர் மாடலைக் கிடைமட்டமாக, பெரும்பாலும் 0.2 மி.மீ. அடுக்குகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் கோடு மூடிய வளையமாக அமைய வேண்டும். இரண்டு பரப்புகள் முடியளவு விலகியிருந்தாலும் எது உள், எது வெளி என்று அதற்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் வெறும் பரப்பாக இல்லாமல் முழு சாலிடாக வரையச் சொல்கிறோம்.

அப்புறம் அலகு. மாடலை ஸ்லைசருக்குக் கொண்டுபோகும் எஸ்டிஎல் ஃபைலில் அது பதிவாவதே இல்லை. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராகப் படித்தால் பாகம் 25.4 மடங்கு சிறுத்துவிடும். அதே ஃபைலில் வளைவுகள் முக்கோணங்களாக மாறுவதால், டாலரன்ஸை (அசல் வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவை) தளர்வாக விட்டால் வட்டத் துளை பலகோணமாகிவிடும், அதில் ஷாஃப்ட் (உருளைத் தண்டு) நுழையாது. 0.4 மி.மீ. நாசிலுக்கு (பிளாஸ்டிக் வெளிவரும் முனைக்கு) 0.3 மி.மீ. சுவர் வரைந்தால், பல சமயம் அந்தச் சுவரே அச்சாகாது.

பிள்ளைகள் மேல் குறையில்லை, யாரும் சொல்லித் தருவதில்லை. வீணாவது பெற்றோர் பணம். கேட் செய்முறைத் தேர்வில் ஸ்லைசர் சோதனைக்கும் மதிப்பெண் ஒதுக்குமாறு கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இலவச ஸ்லைசர்களே போதும்.

– பட்டறை உரிமையாளர், அம்பத்தூர், சென்னை