இறங்கிப்போன கதவு

கானாடுகாத்தான்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கதவு. இரண்டாங்கட்டிலிருந்து அடுப்படிக்குப் போகிற கதவு நினைவிருக்கிறதா? கீழ்ச்சட்டத்தில் காலை வைத்து நாம் ஆடியதும், அப்பத்தா விசிறிக்காம்போடு துரத்தியதும் மறந்திருக்காது.

வளவுக்குள் நுழையும் நிலைக்கதவைப் பற்றிக் கவலையே இல்லை. கஜலட்சுமியும் கிளியுமாக இருப்பதால் கல்யாணத்துக்குக் கல்யாணம் யாராவது எண்ணெய் தடவிவிடுகிறார்கள். வேலைப்பாடு இல்லாத இதற்குத்தான் பச்சை பெயிண்ட், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே காவி. மரம் என்னவோ அதே பர்மாத் தேக்குதான்; ஐயா ரங்கூனில் லேவாதேவி செய்த காலத்தில் கப்பலில் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் நுழைந்தபோது அங்கே இருந்ததெல்லாம் போயிற்று. இங்கே மரம் மிச்சம்.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கினால் ஒரே நாளில் வெளுத்துவிடும் என்றார். நல்லவேளை, ஒரு மூலையில் மட்டும் தடவிப் பார்த்தேன். பெயிண்ட் போயிற்று, தேக்கும் கரியாகிவிட்டது. அவரை அனுப்பிவிட்டு நம் ஊர் ஆசாரியாரைக் கூப்பிட்டேன். அவர் வெப்பக்காற்று, ரசாயனம் எதற்கும் போகவில்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினார். உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும் என்று நான் விடவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் பச்சை அதற்கு எத்தனையோ வருடம் மூத்தது. வேலை முடியும்வரை பேரனை அந்தப் பக்கமே விடவில்லை.

உண்மையான சங்கதி இனிமேல்தான். அந்தக் கதவு தரையில் உரசும் அல்லவா? மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொள்கிறது என்று ஐயா காலத்திலிருந்து அடிப்பக்கத்தை இழைத்துக்கொண்டே வந்தோம். அப்பச்சி இழைத்தார், நானும் இரண்டு முறை இழைத்தேன். ஆசாரியார் கதவைத் தொடவே இல்லை. அண்ணாந்து மேலே பார்த்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. "மேலே வெளிச்சம், கீழே உரசல். கதவு ஊதவில்லை ஐயா, இறங்கியிருக்கிறது" என்றார்.

கீல் இல்லாத கதவு அது. மேலும் கீழும் குடுமி, அதாவது குழியில் நின்று சுழலும் மர முளை. கீழ்க்குடுமி கல்லில் இருக்கும் குழியில் சுழன்று சுழன்று அரை அங்குலத்துக்கு மேல் தேய்ந்திருந்தது. மூன்று தலைமுறையாக நாங்கள் குற்றமில்லாத பக்கத்தைச் செதுக்கியிருக்கிறோம்! புதுக் குடுமி ஒட்டி, குழியில் பித்தளை வில்லை போட்டுத் தூக்கி நிறுத்தியதும் மேல்சந்து மூடிக்கொண்டது. கீழே இழைத்த இடம் பல் போன வாயாகத் தெரிந்தது. உடைந்த பழைய அலமாரிச் சட்டத்திலிருந்து ஒரு பட்டை அறுத்து, தேக்கின் எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்து ஒட்டி, மூங்கில் ஆணி இறக்கினார். நிறம் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டேன், பாய்ந்து வந்து பிடுங்கினார். சுருட்டி வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்குமாம். விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகுதான் காப்பி குடித்தார்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறுகிறாயா? மாசியில் சின்னவளுக்குக் கல்யாணம், பத்து நாள் முன்னதாகவே வந்துவிடு.

ஒன்று சொல்ல மறந்தேன். தேய்ந்த குடுமி ஒரு பக்கமாகவே அதிகம் தேய்ந்திருந்தது. அதைக் கையில் உருட்டிப் பார்த்த ஆசாரியார், "யாரோ இதில் தொங்கி ஆடியிருக்கிறார்கள்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் வந்து உளறாதே.

அன்புடன்,
உன் பழைய ஊஞ்சல் கூட்டாளி