மன்றக் கூடத் தரைத் திருப்பணி: நிறைவு அறிக்கையும் வரவு செலவும்

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

கோயில் வேலைக்குத்தானே திருப்பணி என்பார்கள், பலகைத் தரைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கடந்த பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். எட்டு மாதம் அந்தத் தரையில் மண்டியிட்டுக் கிடந்தவர்கள் வைத்த பெயர் அது, இருந்துவிட்டுப் போகட்டும். பதினான்கு பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்துக்கும் தனியாகப் பதில் எழுதப்போவதில்லை. அதில் கேட்டிருந்தவை மூன்று: மதிப்பீட்டைவிட 74,460 ரூபாய் ஏன் கூடியது, இரண்டு மாத வேலை ஏன் எட்டு மாதம் இழுத்தது, இவ்வளவு செய்தும் தரை ஏன் இன்னும் அலை அலையாக இருக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றேதான். அதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நமது கூடம் 40 அடி நீளம், 24 அடி அகலம். அங்குலக் கனம், ஆறு அங்குல அகலத் தேக்குப் பலகைகள். ஒரு பலகையின் விளிம்பில் நாக்கு, அடுத்ததில் காடி. நாக்கு காடிக்குள் போய் உட்காரும். பலகைகள் மண்ணிலோ சிமெண்டிலோ படவில்லை. குறுக்கே ஓடும் சட்டங்களின் மேல் நிற்கின்றன, அவற்றுக்குக் கீழே இரண்டடி வெற்றிடம். குன்னூர் மழைக்கு அந்தக் காலத்தில் கட்டியவர்கள் இந்த வெற்றிடத்துக்கென்று அடிச்சுவரில் எட்டுக் காற்றுத் துவாரம் விட்டிருந்தார்கள். 2009-இல் அவை எட்டையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம். பெருச்சாளித் தொல்லை தாங்கவில்லை. அன்று பொருளாளராக இருந்து அதற்குப் பணம் கொடுத்தவன் நான்தான். வேறு யாராவது இதைச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

துவாரம் அடைபட்டதும் கீழே ஈரம் தேங்கியது. பலகையின் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிந்தது, மேல்பக்கம் அதே அளவு விரியவில்லை. அப்படி ஆனால் பலகையின் இரண்டு விளிம்பும் மேலே தூக்கிக்கொண்டு நடுப்பகுதி பள்ளமாகும். தொழிலில் இதற்குக் கப்பிங் என்று பெயர். நம் ஆசாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாப் பலகையும் தோணி மாதிரி ஆயிருக்குங்க" என்றார். நடனம் கற்கும் குழந்தைகளின் பாதத்தில் விளிம்பு இடிக்கிறது என்று பெற்றோர் சொன்னது இதைத்தான்.

இனி ஒப்பந்தக்காரர் விஷயம். கோவையிலிருந்து வந்தவர். மூன்று விலைப்புள்ளிகளில் நடுத்தரமானது அவருடையது: சதுர அடிக்கு 110 ரூபாய், 960 சதுர அடிக்கு 1,05,600. மலிவாக வந்ததை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அதில் ரீகோட் என்று ஒரே ஒரு சொல் இருந்தது. பழைய பூச்சின் மேல் லேசாக உரசிவிட்டு இன்னொரு கை பூசுவதுதான் ரீகோட். ரீஃபினிஷ் என்றால் பழைய பூச்சை மொத்தமாக எடுத்து மரம் தெரிய இழைத்துப் புதிதாகப் பூசுவது. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பார்த்தோம். பூச்சு பிசுபிசுத்துக் கரைந்து பஞ்சில் பழுப்பாக ஒட்டியது. அது பழைய அரக்குப் பாலிஷ். காபி டம்ளர் வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம் விழுந்ததன் காரணமும் அதுவே. அதன் மேல் மெழுகு வேறு பல முறை ஏறியிருந்தது. மெழுகின் மேல் எந்தப் புதுப் பூச்சும் பிடிக்காது, உரிந்துவிடும்.

ஆக ரீகோட், ரீஃபினிஷ் வரை நாங்கள் உஷாராகத்தான் இருந்தோம். ஏமாந்தது 'லெவல்' என்ற சொல்லில். "தரையை லெவல் செய்து பாலிஷ் போட்டுக் கொடுத்தல்" என்று விலைப்புள்ளியில் இருந்தது. கையெழுத்துப் போட்டோம். எப்போது லெவல் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் நவம்பரில் வந்தார். வடகிழக்குப் பருவமழை நடுவில். துவாரங்களைத் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆணித் தலைகளைப் பஞ்ச் வைத்துக் கீழே இறக்கி, உருளை மெஷினில் 36-ஆம் நம்பர் உப்புத்தாள் (நம்பர் குறைந்தால் தாள் சொரசொரப்பு கூடும்) மாட்டி, தூக்கி நின்ற விளிம்புகளையெல்லாம் சீவித் தள்ளிவிட்டார். பிறகு 60, 80. தரை தாம்பாளம் மாதிரி ஆனது. நாங்களே கைதட்டினோம். படம் எடுத்துக் குழுவில் போட்டவர்களில் இன்று கையெழுத்திட்டவர்களும் உண்டு. பாலிஷை ஜனவரியில் வந்து அடிக்கிறேன் என்று 63,360 ரூபாய் முன்பணத்தோடு போனார்.

ஜனவரியில் பனிக்காலம் வந்தது, காற்று காய்ந்தது, திறந்த துவாரங்கள் தம் வேலையைச் செய்தன. அடிப்பக்கம் காய்ந்து சுருங்கச் சுருங்க, பலகை பெருமளவு நிமிர்ந்தது. ஆனால் விளிம்புகளை ஏற்கனவே சீவியாயிற்றே! நிமிர்ந்த பலகையில் விளிம்பு தாழ்ந்தும் நடுப்பகுதி மேடாகவும் நின்றது. இதற்குக் கிரவுனிங் என்று பெயர். ஆசாரி பாஷையில் ஆமை முதுகு. மட்டக்கோலைப் பலகையின் குறுக்கே வைத்தால் நடுவில் தட்டி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடுகிறது. ஓரத்து இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் சில இடங்களில் உரசாமலே நுழைந்தது. தோணியை நேராக்கப் போய் ஆமையை வாங்கினோம்.

ஒப்பந்தக்காரரை வரவழைத்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "லெவல்னு போட்டிருக்கு, லெவல் பண்ணிக் கொடுத்தேன். பத்து நாள் நேராத்தானே சார் இருந்துச்சு? மரம் உயிருள்ள சாமான், அதுக்கு நான் பொறுப்பாக முடியுமா?" மறுபடி இழைத்துத் தருகிறேன், சதுர அடிக்கு இன்னொரு 60 ரூபாய் என்றார். அந்தக் கூட்டம் மாலை ஐந்துக்குத் தொடங்கி இரவு ஒன்பதரைக்கு முடிந்தது. நடுவில் இரண்டு முறை வெளிநடப்பு, ஒரு முறை அவருடையது, ஒரு முறை நம் உபதலைவருடையது.

அவர் மேல் தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர் ஈரம் அளக்காமல் கப்பிங் தரையில் மெஷின் வைக்கக் கூடாது. ஆனால் அளந்தீர்களா என்று நாமும் கேட்கவில்லை. பிறகுதான் 3,200 ரூபாய்க்கு ஈரம் காட்டும் மீட்டர் வாங்கினோம். இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் எண் காட்டும். 'விளையாட்டுச் சாமான்' என்று கடிதத்தில் குறிப்பிட்டிருப்பது இதைத்தான். பிப்ரவரி முதல் வாரத்தில் பலகையின் அடிப்பக்கம் 17 சதவீதம், மேல்பக்கம் 12. அப்போதே மறுபடி இழைத்திருந்தால் மூன்றாவதாக வேறொரு வடிவம் கிடைத்திருக்கும். அதனால் வேலையை நிறுத்தி வைத்தோம். வாரா வாரம் பத்து இடத்தில் குத்தி நோட்டில் எழுதினோம். ஏப்ரல் நடுவில் இரண்டு பக்கமும் 12-க்கு வந்து, மூன்று வாரம் அசையவில்லை. இழுத்தடிப்பு என்று எழுதியிருக்கும் அந்த மாதங்கள் இவைதான். நோட்டு அலுவலக மேஜையில் இருக்கிறது.

முன்பணம் போக 42,240 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. 20,000 கொடுத்துக் கணக்கை முடித்தோம். ஒரு பைசாவும் கொடுத்திருக்கக் கூடாது என்பது சிலர் வாதம். வழக்குக்குப் போனால் நம் கையெழுத்துள்ள காகிதத்தில் 'லெவல்' இருக்கிறது, ஈரம் பற்றி ஒரு வரி இல்லை. நம்மிடையே இருக்கும் வழக்கறிஞர் உறுப்பினர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

அடுத்தது, ஏன் மறுபடி இழைத்து நேராக்கவில்லை என்பது. வாசற்படி ஓரம் ஒரு பலகையைக் கழற்றி அளந்தோம். நாக்குக்கு மேலே நிற்கும் மரம் முதலில் 7 மில்லிமீட்டர், இப்போது விளிம்பில் 5. தரையின் ஆயுள் பலகையின் மொத்தக் கனத்தில் இல்லை, நாக்குக்கு மேலே உள்ள இந்தக் கனத்தில்தான் இருக்கிறது. அது தேய்ந்து மெலிந்தால் விளிம்பு சிம்பு சிம்பாகப் பெயரும். ஆணித் தலைகளையும் ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே இறக்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிவதற்காக முழுத் தரையிலும் இன்னொரு மில்லிமீட்டரைத் தூளாக்கிச் சாக்கில் கட்டிக் கொட்ட மனம் வரவில்லை. ஆகவே 100, 120 நம்பர் தாளில் லேசாக மட்டும் உரசச் சொன்னோம். காலில் இடிக்காது. சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியே சாய்ந்து விழும்போது அலை தெரியும், தெரியட்டும். இது செயற்குழு தெரிந்தே எடுத்த முடிவு. கை நழுவிப் போனதல்ல.

எல்லாவற்றையும் பெயர்த்து வீசிவிட்டு டைல்ஸ் ஒட்டியிருக்கலாம் என்ற யோசனைக்கு நான் பதில் எழுதவில்லை.

புதுப் பலகை வாங்கியதில் ஊழல் வாடை அடிப்பதாகவும் கேள்வி. கரையான் தின்ற வடக்கு மூலைக்கு 120 சதுர அடி தேவைப்பட்டது. சேதாரம் சேர்த்து 12 கன அடி, கன அடி 4,500 வீதம் 54,000 ரூபாய். மேட்டுப்பாளையம் பில் இருக்கிறது. மரத்தின் வெளிப்புற வெள்ளைக்கட்டை கலக்காமல் உள்ளே இருக்கும் வைரக்கட்டையாகப் பார்த்து எடுத்ததால் அந்த விலை. வந்த பலகையை உடனே அடிக்காமல் ஆறு வாரம் கூடத்தின் நடுவில், ஒவ்வொன்றுக்கும் இடையே ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் வைத்து அடுக்கி, சும்மா கிடக்க விட்டோம். யோகா குழுவினர் அதைச் சுற்றிச் சுற்றி ஆசனம் போட்டார்கள். மேட்டுப்பாளையம் வெயிலில் காய்ந்த மரம் இந்த மலைக் காற்றுக்குப் பழக வேண்டும். பழகுவதற்கு முன் அடித்தால் அடித்த பிறகு பழகும், அப்போது நம்மைக் கேட்காது.

சுவரோரம் அரை அங்குலம் விட்டிருப்பதை 'ஆசாரி அளவு தப்பி வெட்டிவிட்டார்' என்று சொல்லாதீர்கள், அவர் மிகவும் வருத்தப்பட்டார். ஆறு அங்குலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் கூடினால் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடும். குறுக்கே 48 பலகை. பலகைகளுக்கு இடையே இருக்கும் கீறல் இடைவெளிகள் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும், மீதிக்குத்தான் இந்த அரை அங்குலம். மேலே மறைக்கும் ஸ்கர்ட்டிங் சட்டத்தைச் சுவரில்தான் ஆணி அடித்திருக்கிறோம், தரையில் அல்ல. இடைவெளிகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கச் சொன்னவர்களுக்கும் இதுவே பதில்: மழைக்காலத்தில் பலகை விரிந்து அதைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். மிக அகலமான ஏழு இடத்தில் மட்டும் மெல்லிய தேக்குச் சிம்பு வைத்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டினோம்.

பளபளப்பு இல்லை என்பது உண்மை. பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு கண்ணாடி போல மேலே படலமாக நிற்கும். ஒரு இடத்தில் கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம். நாம் போட்டிருப்பது மரத்துக்குள் இறங்கும் எண்ணெய். கறை பட்ட இடத்தை மட்டும் உரசி மறுபடி தடவிக்கொள்ளலாம். இதற்கு வேறொரு பணியாளர் வந்தார், சதுர அடி 45 ரூபாய், நல்ல வேலை. முதல் நாள் எண்ணெய் துடைத்த துணிகளை மூலையில் குவித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். காவலாளி போய்த் தொட்டபோது குவியலின் உள்ளே கை வைக்க முடியாத சூடு. ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. அன்றிலிருந்து துணிகளைத் தண்ணீர் வாளியில் போட்டார்கள். காவலாளிக்குக் குழு சார்பில் ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தோம், அது என் சொந்தச் செலவு.

தரை தவிர மற்ற வேலைகள், அதாவது ஓடு மாற்றல், வயரிங், வெள்ளையடிப்பு: 1,92,000. மதிப்பீட்டுக்குள் முடிந்தது.

தரைக் கணக்கு: ஒப்பந்தக்காரருக்கு 83,360, புதுத் தேக்கு 54,000, இரண்டு சட்டமும் உளுத்த அடிச்சட்டமும் மாற்றி, பலகை அடித்த கூலி 61,500, எட்டுத் துவாரம் திறந்து எலி நுழையாத கம்பி வலை 9,800, மீட்டர் 3,200, உரசல், எண்ணெய் 43,200. ஆக 2,55,060. மதிப்பீடு 1,80,600. மொத்தத் திருப்பணிச் செலவு 4,47,060.

நன்கொடையாளர் பெயர்கள் வாசல் பலகையில் இருக்கின்றன. வரிசை பற்றி ஏற்கனவே இரண்டு மனக்குறை வந்துவிட்டதால் இங்கே பெயர் போடாமல் குறிப்பிடுகிறேன். முன்னாள் தலைவர் குடும்பம் 1,00,000. தினமும் இங்கே வந்து நாளிதழ் படித்த தந்தையின் நினைவாகப் பெங்களூரில் இருக்கும் மக்கள் மூவர் 75,000. தேயிலைத் தொழிற்சாலை உறுப்பினர் 50,000. கடைவீதி வணிகர்கள் சேர்ந்து 40,000. காலை யோகா குழு பன்னிரண்டு பேர் 36,000. நடன மாணவியரின் பெற்றோர் 31,500. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை 25,000. காய்கறி மண்டி அம்மா ஒருவர், உறுப்பினர்கூட இல்லை, பேத்தி இங்கே ஆடுகிறாள் என்று 20,000. உண்டியல் 7,500. உறையில் பெயரில்லாமல் 5,000. ஆக 3,90,000. மீதி 57,060 ரூபாய் கட்டட நிதியிலிருந்து எடுத்தோம்; பொதுக்குழு ஒப்புதல் பெற வேண்டும்.

ரசீதுகள், ஈர அளவு நோட்டு, அந்த விலைப்புள்ளி எல்லாம் நூலக அறையில் மாலை ஐந்து முதல் ஏழு வரை பார்க்கலாம். தரையை ஈரத்துணி பிழியாமல் துடைக்க வேண்டாம். இன்னொன்று, தெற்குச் சுவரில் மூன்றாவது காற்றுத் துவாரத்தை மறைத்து யாரோ பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தவர் தயவுசெய்து இந்த வாரத்துக்குள் எடுத்துவிடவும்.

செயலாளர்