மீட்சியை எதைக் கொண்டு அளப்பது?

ஆசிரியருக்கு,

2022 செப்டெம்பரில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் பின்பு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதே இலங்கையின் பொருளாதார மீட்சிக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இறங்கியது விலையேற்றத்தின் வேகம் மட்டுமே. ஏறிய விலைகளில் பெரும்பாலானவை ஏறியபடியே நிற்கின்றன. 2024 ஜனவரியில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தன. நாட்கூலிக் குடும்பத்துக்கு இதுதான் பேரிடி.

அரசின் நலன்புரிப் பணவுதவித் திட்டமான அஸ்வெசுமவுக்கான தெரிவோ வீட்டின் நிலை, சொத்து, மின்பாவனை போன்றவற்றைப் பார்க்கிறது. கணக்கெடுப்புக்குப் பிறகு வேலையிழந்தவர் அதில் தெரியமாட்டார். ஆண்டுதோறும் தரவைப் புதுப்பிக்க வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்ட மீளாய்வு வரும்போதெல்லாம் மெய்க்கூலி (விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்த கூலி), சிறுவர் போசாக்கு, பாடசாலை இடைவிலகல் மூன்றையும் பிரதேச செயலகவாரியாக அரசு வெளியிட வேண்டும்.

– பொருளியல் ஆசிரியர், மட்டக்களப்பு