ரெய்கோ ஒகுயாமா அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரெய்கோ அம்மா,

2007 மே மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அனிமேஷன் படங்களுக்கு வரைந்த உங்களைப் பற்றி யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், "மியாசாகி கூட வேலை பார்த்தவங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆமாம், பார்த்தவர்தான். ஆனால் பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநரான அந்த ஹயாவோ மியாசாகி, டோயே டோகா என்ற அனிமேஷன் நிறுவனத்துக்குள் நுழைந்தது 1963இல். அதற்குப் பல வருடங்கள் முன்பே நீங்கள் அங்கே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் அங்கே போன கதை எனக்கு மிகவும் பிடிக்கும். செண்டாயில் பிறந்து, பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு, டோக்கியோவில் வேலை தேடிய பெண் நீங்கள். 'டோகா' என்றதும் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடும் வேலை என்று நினைத்துவிட்டீர்கள். அந்த 'டோகா' வேறு, இது அசையும் படம். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றேதான், எழுத்துதான் வேறு. அப்படித் தவறாக நினைத்துப் போனவர்தான் ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் படத்தில், 1958இல் வந்த 'ஹகுஜாடென்' படத்தில், வரைந்தீர்கள்.

தொடக்கத்தில் கிடைப்பது இடைப்படம் போடும் வேலை. மூத்தவர் ஒரு கை மேலே இருப்பதையும் கீழே இறங்கியதையும் வரைந்து கொடுப்பார். நடுவில் அந்தக் கை கடந்துவரும் ஒவ்வொரு நிலையையும், அடியில் விளக்கு எரியும் கண்ணாடிமேல் தாளை அடுக்கி வைத்துப் போட வேண்டும். கோடு ஒரு இழை விலகினாலும் திரையில் அந்தக் கை நடுங்கும். திரையில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும். வரைந்த ஒரு தாளை இரண்டு படச்சட்டத்துக்கு நிறுத்தினால்கூட நொடிக்குப் பன்னிரண்டு தாள் வேண்டும்.

அந்தக் காலத்தில் டோயேயில் சேரும் பெண்களிடம், கல்யாணமானால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொள்வார்களாம். 1963இல் சக அனிமேட்டர் யோய்ச்சி கொடாபேயைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள். வேலையை விடவில்லை. குழந்தை பிறந்தது. அப்போதும் விடவில்லை. பிறந்த வீட்டுப் பெயரிலேயே கடைசிவரை வரைந்தீர்கள். இதை இன்று இரண்டு வரியில் எழுதிவிட முடிகிறது. ஆனால் எல்லாரும் விட்டுப் போகச் சொல்லும் இடத்துக்கு மறுநாள் காலையிலும் கிளம்பிப்போய், அதே நாற்காலியில் உட்கார்ந்து, கை நடுங்காமல் கோடு போடுவது எப்படி என்று நான் யோசித்துப் பார்க்கிறேன்.

1971இல் உங்கள் கணவர் கொடாபே, இயக்குநர் டகஹட்டாவோடும் மியாசாகியோடும் டோயேயை விட்டு வெளியேறினார். அப்புறம் 1974இல் 'ஹெய்டி' தொடருக்குப் பாத்திரங்களை வடிவமைத்தார். பின்னாளில் நிண்டெண்டோ என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் மாரியோ பாத்திரத்துக்கும் அவர் கை பட்டது. அவருக்குக் கிடைத்த புகழ் நியாயமானது. ஆனால் அதே காலத்தில் நீங்கள் டோயேயிலேயே இருந்து 1975இல் 'நிங்யோ ஹிமே' படத்துக்கு அனிமேஷன் இயக்குநராக இருந்ததை எத்தனை பேர் சொல்கிறார்கள்? பிறகு செப்புத்தகட்டில் படம் செதுக்கி அச்செடுக்கும் கலையையும் கற்றுக்கொண்டீர்கள்.

2019இல் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்ஹெச்கே, 'நட்சுசோரா' என்ற காலைத் தொடரை ஒளிபரப்பியது. அதன் நாயகி உங்களைப் பார்த்து உருவாக்கப்பட்டவர். அந்தக் கால அனிமேஷன் விவரங்கள் சரியாக வர ஆலோசனை சொன்னவர் உங்கள் கணவர். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர், அம்மா. எனக்கு உங்கள் பெயரே வேண்டும்.

நீங்களும் கொடாபேயும் சேர்ந்து பாத்திரங்களை வடிவமைத்த 'தட்சுனோகோ தாரோ' (1979) படத்தை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற அம்மா, ஊரோடு பங்கிட்டுச் சாப்பிட வேண்டிய மூன்று மீன்களைப் பசி தாங்காமல் தானே தின்றுவிடுகிறாள். அதற்காக டிராகனாக மாறிவிடுகிறாள். பிறந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் தன் கண்களையே கொடுத்துவிட்டுப் போகிறாள். பெயர்கள் ஓடும்போது நிறுத்தினேன். எனக்கு ஜப்பானிய எழுத்து அவ்வளவாகத் தெரியாது. உங்கள் பெயரின் நான்கு எழுத்துகளை மட்டும் முன்பே ஒரு தாளில் எழுதிப் பழகியிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகை