ஷார்த்ர் நீலத்தில் தொலைந்துபோன இரகசியம் ஏதுமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ஐரோப்பியப் பேராலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக அச்சாகியிருந்தன. கட்டுரைதான் இடறுகிறது. அந்த நிறங்களைச் செய்யும் இரகசியம் கைவினைஞர்களோடு புதைந்துவிட்டது என்கிறது. கண்ணாடி மெல்ல மெல்ல வழிவதால் பழைய துண்டுகளின் அடிப்பக்கம் தடித்துவிட்டது என்கிறது. எழுத்தறியாத ஏழைகளுக்கு வேதாகமம் சொல்லவே இவற்றைச் செய்தார்கள் என்கிறது. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதிதான் உண்மை.

வழியும் கதையை முதலில் முடித்துவிடலாம். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் இடைக்காலக் கண்ணாடியில் உள்ள சேர்மானத்தையே எடுத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அறை வெப்பத்தில் நூறு கோடி ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் நகருமாம். கனத்தில் உள்ள வேறுபாடு ஊதும்போதே வந்தது. உருளையாக ஊதிப் பிளந்து விரித்தாலும், சுழற்றித் தட்டாக்கினாலும், தகடு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் அமையாது. தடித்த ஓரம் மேலே வரும்படி பொருத்திய துண்டுகளும் பழைய சாளரங்களில் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

இனி இரகசியம். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோஃபிலஸ் என்ற பெயரில் ஒரு துறவி லத்தீனில் கைவினை நூல் ஒன்று எழுதினார். அதன் மூன்று பாகங்களில் இரண்டாவது கண்ணாடிக்கானது. பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மண்ணும் கல்லும் நீக்கிய மணல் ஒரு பங்கு. கலந்து உலையில் ஒரு பகலும் ஓர் இரவும் வறுக்க வேண்டும். இரும்புக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் உருகிக் கட்டிதட்டிவிடும். பிறகு வெள்ளைக் களிமண் குடுவைகளில் மாலையில் நிரப்பி, காய்ந்த விறகால் இரவு முழுக்க எரிக்க வேண்டும்.

அடுத்து அவர் சொல்வதுதான் கவனிக்க வேண்டியது. குடுவையில் உள்ள குழம்பு மஞ்சளாக மாறினால் மூன்றாம் மணிவரை (விடியலிலிருந்து எண்ணும் கணக்கு) விட்டுவை, வெளிர் மஞ்சள் கிடைக்கும். ஆறாம் மணிவரை விட்டால் செம்மஞ்சள். தோல் நிறத்துக்கு வந்தால் அதை முகத்துக்கும் கைகளுக்கும் எடுத்துக்கொள். எஞ்சியதை மேலும் காய்ச்சினால் ஊதா வரும். சாயப்பொருள் எதையும் அவர் சேர்க்கச் சொல்லவில்லை. பீச் சாம்பலில் இயல்பாகவே மாங்கனீசும் இரும்பும் இருக்கின்றன. உலைக்குள் போகும் காற்றையும் காய்ச்சும் நேரத்தையும் பொறுத்து அவற்றின் ஆக்சிஜனேற்ற நிலை மாறுகிறது, நிறமும் கூடவே மாறுகிறது. மரம் வளர்ந்த மண்ணுக்கேற்பச் சாம்பலில் மாங்கனீசு கூடும், குறையும். ஆகவே அதே செய்முறை வேறோர் ஊரில் வேறு நிறம் தரும். இதை இரகசியம் என்று சொன்னால் பக்குவம் என்ற சொல்லை எதற்கு வைத்திருக்கிறோம்?

பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் கட்டுரை வியக்கும் நீலத்துக்குக் காரணம் கோபால்ட் என்ற உலோகம். ஆனால் அது இன்னும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் வேறு. பழைய மொசைக் சில்லுகளையும் சிறு கலங்களையும் பிரெஞ்சுக்காரர்கள் சேகரித்து உருக்கி நீலத் தகடு செய்கிறார்கள் என்று தியோஃபிலஸே எழுதுகிறார். அந்தப் பழங்காலக் கண்ணாடி, மரச்சாம்பலுக்குப் பதில் சோடா என்ற சோடியம் உப்பைச் சேர்த்துச் செய்தது. 12ஆம் நூற்றாண்டு நீலத் துண்டுகளில் ஒரு பகுதி சோடாக் கண்ணாடி என்று வேதிப் பகுப்பாய்வும் காட்டியிருக்கிறது. மரச்சாம்பல் கண்ணாடியில் பொட்டாசியமும் கால்சியமும் அதிகம், சிலிக்கா குறைவு. மழைநீரும் ஈரமும் அந்தப் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மேற்பரப்பில் குழிகள் விழும். காற்றில் உள்ள கந்தக டையாக்சைடு சேர்ந்தால் ஜிப்சம் படிந்து வெளிச்சத்தையே மறைக்கும். சோடாக் கண்ணாடி ஈரத்தைத் தாங்கும். சுற்றியுள்ள துண்டுகள் மங்கியதால் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

சிவப்புதான் உண்மையில் கடினமானது. செம்பினால் வரும் சிவப்பு, சாளரத் துண்டின் முழுக் கனத்துக்கும் இருந்தால் கறுப்பாகவே தெரியும். அதனால் நிறமற்ற கண்ணாடியோடு மெல்லிய சிவப்பு அடுக்குகளைச் சேர்த்து ஊதினார்கள். உலையில் காற்று மிகுந்தால் அதே செம்பு பச்சையாகவோ பச்சைநீலமாகவோ போய்விடும்.

தகடு கிடைத்த பிறகு வேலை மேசைக்குப் போகிறது. பலகையில் சுண்ணக்கட்டியைச் சுரண்டித் தூவி, நீர் தெளித்துத் துணியால் தேய்த்து வெள்ளையாக்கி, அதன்மேல் முழு அளவில் படம் வரைவார்கள். எந்தத் துண்டு என்ன நிறம் என்று எழுத்தால் குறிப்பார்கள். ஸ்பெயினின் ஜிரோனாவில் 14ஆம் நூற்றாண்டு மேசைகளே கிடைத்திருக்கின்றன. கண்ணாடியை வெட்ட வைரம் கிடையாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஓரத்தில் வைத்து விரிசல் உண்டாக்கி, இரும்பை நகர்த்த நகர்த்த விரிசல் பின்தொடரும். பிறகு பள்ளம் வெட்டிய இரும்பால் ஓரத்தைக் கொறித்து வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். ஓரம் பல் பல்லாக இருந்தால் அது பழைய துண்டு என்பதற்கு ஒரு தடயம்.

முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் வண்ணக் கண்ணாடியில் வருவதில்லை, மேலே தீட்டுவது. எரித்த செம்புப் பொடி, பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி மூன்றையும் சம பங்கு எடுத்து, வைன் அல்லது சிறுநீர் விட்டு அரைக்கச் சொல்கிறார் தியோஃபிலஸ். தீட்டியதைச் சூளையில் சுட வேண்டும். சூடு போதாவிட்டால் தீட்டு பிடிக்காமல் காலப்போக்கில் உதிரும். கண்ணற்ற முகங்கள் பல அப்படி வந்தவைதான். சூடு மிஞ்சினால் கண்ணாடியே நெகிழ்ந்து வடிவம் கெடும். கடைசியில் இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டையில் துண்டுகளைச் செருகி, வெள்ளீயத்தோடு ஈயம் கலந்து பற்றவைத்தால் சாளரம் தயார்.

தியோஃபிலஸ் அறியாதது ஒன்று உண்டு. வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணில் குழைத்துக் கண்ணாடியின் பின்புறம் பூசிச் சுட்டால் வெள்ளி உள்ளே ஊடுருவி மஞ்சள் தரும். இது 1300ஐ ஒட்டியே சாளரங்களில் வருகிறது. 12ஆம் நூற்றாண்டு என்று நீங்கள் குறித்த இரண்டாம் படத்தில் ஒரே துண்டில் வெள்ளை முகமும் மஞ்சள் முடியும் இருக்கின்றன, நடுவே ஈயம் இல்லை. அது 12ஆம் நூற்றாண்டாக இருக்க முடியாது. பின்னால் மாற்றிய துண்டாகவாவது இருக்க வேண்டும்.

‘ஏழைகளின் வேதாகமம்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். எழுத்தறியாதவர்கள் சுவரில் பார்த்து அறிந்துகொள்ளட்டும் என்று திருத்தந்தை முதலாம் கிரகோரி, 600ஐ ஒட்டி மார்செய் ஆயர் செரேனுஸுக்கு எழுதியது உண்மை. ஆனால் அது சுவரோவியம் பற்றியது. இந்தச் சாளரங்கள் வந்தது ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து. பாரிஸ் அருகே சான் தெனி மடாலயத் தலைவர் சுஜே, 1144இல் அர்ச்சிக்கப்பட்ட தம் புதிய பீடப்பகுதியின் சாளரங்களில் ஒன்று, பார்ப்பவர் மனத்தைப் பொருளிலிருந்து பொருள் கடந்ததற்கு உயர்த்தும் என்று எழுதினார். பொற்பீடத்து உருவங்களைப் பற்றியோ, கற்றவர்களுக்கு மட்டுமே விளங்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். (சாளரங்களைப் பழுதுபார்க்க ஒரு கைவினைஞரையும் அமர்த்தி, பீடக் காணிக்கையிலிருந்து காசும் மடத்துக் களஞ்சியத்திலிருந்து மாவும் கொடுக்க ஏற்பாடு செய்தார். இந்த மாவுக்கணக்கைக் கட்டுரைகள் ஏனோ சொல்வதே இல்லை.) 1248இல் அர்ச்சிக்கப்பட்ட பாரிஸ் சான்ட் ஷப்பெலின் மேல்தளத்தில் 15 சாளரங்களில் 1,113 காட்சிகள். அந்தத் தளம் அரசருக்கும் அரசவைக்கும் உரியது. சுமார் 15 மீட்டர் உயரச் சாளரத்தின் உச்சிக் காட்சியைத் தரையில் நின்று யாரும் படித்திருக்க முடியாது.

படத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு உங்கள் கட்டுரைப் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: இயேசு சொன்ன உவமையைக் காட்டும் ஷார்த்ரின் நல்ல சமாரியர் சாளரம். காட்சிகளுக்கு மேலிருந்து கீழாக எண் கொடுத்திருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் காயின் ஆபேல் கொலைக்குப் பிறகு ஏதேன் வருகிறது, அதன் பிறகு சமாரியர், முடிவில் செருப்புத் தைப்பவர்கள்! இத்தகைய சாளரங்களைப் பெரும்பாலும் கீழிருந்து மேலாகத்தான் படிக்க வேண்டும். அடியில் இருப்பது சாளரத்தோடு தொடர்புடைய செருப்புத் தொழிலாளர். அதன்மேல் ஒருவன் எருசலேமை விட்டுப் புறப்படுகிறான், கள்வர் அடிக்கிறார்கள், குருவும் லேவியரும் கடந்துபோகிறார்கள், சமாரியர் அவனைச் சத்திரத்தில் சேர்க்கிறார். உவமை அங்கே முடிந்து, ஆதாமின் படைப்பும் வீழ்ச்சியும் தொடங்குகின்றன, உச்சியில் கிறிஸ்து. சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை ஒட்டவில்லை. அடிபட்டவன் ஆதாம், அவன் விட்டுவந்த எருசலேம் விண்ணகம், சமாரியர் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை என்பது திருச்சபையின் தொடக்க கால அறிஞர்களான ஒரிஜன், அகுஸ்தினார் காலத்திலிருந்து வந்த விளக்கம். மறையுரையில் இதைக் கேட்டவருக்குச் சாளரம் அதை நினைவூட்டும். கேளாதவருக்கு இந்தப் பிணைப்பு படத்தைப் பார்த்து மட்டும் கிடைக்காது.

அடுத்த இணைப்பில் அந்த எண்களையாவது திருப்பிப் போட்டு, இரண்டாம் படத்தின் நூற்றாண்டையும் சரிசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்